முகூர்த்தமும் மூன்று வேளை மாத்திரையும்



ஆவணி பிறந்தால் போதும், நமக்கு வரும் கடிதக் கட்டில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "என் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தமும் அவள் தேதியும் ஒன்றாக வருகிறது. நாள் தள்ளிப்போக மாத்திரை கொடுக்கலாமா?" மகள் எழுதுவதில்லை, அம்மா எழுதுகிறார், சில சமயம் அத்தை. முன்பெல்லாம் பெண்ணின் தேதியைக் கேட்டுக்கொண்டுதான் ஜோசியரிடம் போவார்கள். இப்போது மண்டபம் என்றைக்குக் காலியோ அன்றைக்குத்தான் முகூர்த்தம்!

மெடிக்கலில் குரலைத் தாழ்த்தி, "தள்ளிப்போற மாத்திரை" என்றால் போதும். பத்து மாத்திரை அட்டை ஒன்று காகித உறைக்குள் போய்க் கைக்கு வந்துவிடுகிறது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்து அது. யாருக்கு, வயதென்ன, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்பாரில்லை.

அட்டைக்குள் இருப்பது நோரெத்திஸ்டிரோன். 1951-ல் மெக்சிகோ நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற 26 வயது இளைஞர் முதன்முதலில் தயாரித்தது. மூலப்பொருள் கிடைத்தது அங்கே விளையும் காட்டு வள்ளிக்கிழங்கில். இந்த மருந்து செய்யும் வேலை எளிதுதான். மாதாமாதம் கருமுட்டை வெளிவந்த பிறகு சினைப்பை புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. கருப்பையின் உள்சவ்வு உதிராமல் நிற்பது அதன் தயவில். கரு தங்காவிட்டால் சுரப்பு இறங்கும், சவ்வு உதிரும், தூரம் வரும். புரோஜெஸ்டிரோனைப் போலவே வேலை செய்யும் மருந்தை நாம் விழுங்கிக்கொண்டே இருந்தால் சவ்வு காத்திருக்கும்.

வழக்கமாக டாக்டர்கள் எழுதித் தருவது 5 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்தே. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு வந்துவிடும். முதல் நாள் ராத்திரி ஞாபகம் வந்து ஓடிப்போய் வாங்கினால் பலன் குறைவு. சவ்வு அதற்குள் உதிரத் தயாராகியிருக்கும். நலங்கு, மெஹந்தி, ரிசப்ஷன் என்று நின்றுகொண்டே இருக்கும் பெண் மத்தியான மாத்திரையை மறப்பதும் சகஜம். பட்டுப்புடவையில் சொட்டுச் சொட்டாகக் கறை படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

புதுமணப் பெண்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தேதியைத் தள்ளப் போடும் இந்த மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல. இரண்டும் ஹார்மோன்தானே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நிறுத்தியும் உதிரப்போக்கு வரவில்லையென்றால் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள்.

எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. வயிறு உப்பும், மார்பு கனக்கும், எரிச்சல் வரும், இவை போய்விடும். ஆனால் முன்பு எப்போதாவது ரத்தக்கட்டி வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் இதைத் தொடவே கூடாது. மாத்திரை சாப்பிடும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ, கல்யாண வீடென்றும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தேதி தள்ளினால் "கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடுமே" என்ற பயம் பாட்டிமாரிடம் இன்னும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியைப் பலர் பாதியில் விடுவதற்கும் இந்தப் பயம் ஒரு காரணம். ஊசி போட்ட பிறகு முதலில் கண்ட நாளில் உதிரம் படும். போகப்போகப் பலருக்கு அறவே நின்றுவிடும். அந்த மருந்தால் உள்சவ்வு மெலிந்தே கிடக்கிறது. உதிர ஒன்றுமில்லை, ஆகவே தங்கவும் ஒன்றுமில்லை. நிறுத்தினால் பழையபடி திரும்பச் சில மாதங்கள் ஆகும் என்பதைக் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் கணக்கில் வைக்க வேண்டும். மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை முடிந்து 7 இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் வாரத்தில் வருவதும் உடம்பு தானாகக் கொண்டுவரும் தூரம் அல்ல. மருந்து நின்றதால் வருவது. அது கொஞ்சமாகப் பட்டால் கவலை வேண்டாம்.

தீட்டு பற்றி இங்கே வாதாட வரவில்லை. அது அவரவர் வீட்டுக் காரியம். ஆனால் விழுங்கப்போவது யார்? அந்தப் பெண்ணிடம் "உனக்குச் சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்ட பிறகு எனக்குக் கடிதம் எழுதுங்கள். டாக்டரிடம் ஒரு மாதம் முன்பே அவளை அழைத்துப் போங்கள்; உள்ளே அவளே பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள்.

மாத்திரை போட்ட தேதியை மறக்காமல் காலண்டரில் குறித்து வையுங்கள். பிறகு கர்ப்பமானால், "கடைசியாக எப்போது குளித்தாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பிரசவத் தேதியைக் கணக்கிடுவது அதை வைத்துத்தான். மாத்திரையால் தள்ளிப்போய் வந்த தேதியென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே ஸ்கேன் பார்த்துக் கணக்கைச் சரிசெய்துகொள்வார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்