கம்பனி வரைபடத்தில் எங்கள் லயம் எங்கே?

எஹலியகொட சொந்தங்களே, என்னிடம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோரே!

ஓபன்ஸ்ட்ரீட்மேப் பற்றி ஊர் வாட்ஸ்அப் குறூப்பில் நான் போட்ட செய்திக்கு இரண்டு பதில்கள் வந்தன. "சேர், அதெல்லாம் பெரிய கம்பனிகள் பார்த்துக்கொள்ளும்" என்றார் ஒருவர். "கம்பனிக்கு நாங்க ஏன் சும்மா வேலை செய்யணும்?" என்றார் மற்றவர். இரண்டுமே பிழை. முதலாவது பெரிய பிழை.

யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய வரைபடம் அது. இன்று மெட்டா, அமேசான், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் எல்லாம் சம்பளத்துக்கு ஆள் வைத்து அதில் வரைகின்றன. தாய்லாந்தில் பேஸ்புக் செய்மதிப் படங்களைக் கணினிக்குக் கொடுத்துப் பாதைகளைக் கண்டுபிடித்துச் சேர்த்தது. செய்யட்டும், அதற்கு நான் எதிரி இல்லை.

ஆனால் கம்பனி எங்கே வரையும்? அதன் வேன் போகிற இடத்தில்தான். கொழும்பு - இரத்தினபுரி பாதை அழகாக இருக்கும். அதிலிருந்து ரப்பர் காட்டுக்குள் ஏறும் நடைபாதையைச் செய்மதி எப்படிப் பார்க்கும்? மேலே முழுக்க இலை. லயத்துத் தகரம் தெரிந்தால் ஒரு நீளப் பெட்டி கீறிவிடும். அதற்குள் எத்தனை குடும்பம், எந்தப் பாலம் மழைக்கு மூழ்கும், எந்த டிவிசனுக்கு எங்கள் சனம் என்ன பேர் சொல்கிறது, இதெல்லாம் எந்தக் கணினிக்கும் தெரியாது.

ஒருநாள் வகுப்பில் வீட்டுக்குப் போகும் வழியைக் கீறச் சொன்னேன். கோயில், பீலி, பால் நிறுக்கும் இடம், வழுக்கும் கல் என்று தாள் நிறைந்துவிட்டது. பிறகு அதே இடத்தைப் போனில் காட்டினேன். ஒரு கோடு, மீதி வெறும் பச்சை. "சேர், நாங்க இதில இல்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயத்தின் மேலும் மண் விழுந்தது. அடுத்த வருடம் மே மாதம் எங்கள் மாவட்டமே வெள்ளத்தில் நின்றது. அந்த நேரத்தில் தேடி வருபவனுக்கு எந்த வீடு எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். மட்டக்களப்பில் மண்முனை வடக்கின் கட்டடங்களை அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து இதே வரைபடத்தில் ஏற்ற வைத்தன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இனி "சும்மா வேலை" என்பவருக்கு. கூகுள் மேப்பில் கடைப் பேரைத் திருத்துகிறீர்களே, அதுதான் சும்மா வேலை. நீங்கள் கொடுத்தது அவர்களுடைய வரைபடத்துக்குள் போய்விடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் உரிமம் வேறு. பாவிப்பவர் எங்கிருந்து எடுத்தார் என்று சொல்ல வேண்டும். அந்தத் தரவை மாற்றி வெளியிட்டால் அதையும் திறந்தே கொடுக்க வேண்டும். நாங்கள் வரைந்ததை யாரும் பூட்டி வைக்க முடியாது.

கம்பனி ஒன்று கூட்டுச் சேர வந்தாலும் வாய் பார்த்து நிற்கக் கூடாது. சம்பளத்துக்கு வரைபவர்கள் யார், என்ன திட்டம் என்று முன்கூட்டியே அறிவிக்கும்படி 2018இலேயே வழிகாட்டல் வந்துவிட்டது. அதைக் கேட்போம். தமிழ்ப் பேருக்குத் தனி இடம் உண்டு, அதையும் நிரப்பக் கேட்போம். ஆனால் கேட்பதற்கு முதலில் நாங்கள் அங்கே இருக்க வேண்டுமே! ஆள் இல்லாத இடத்தில் கம்பனி யாரோடு கூட்டுச் சேரும்?

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு பஸ் நிலையத்தடியில் சந்திப்போம். போனை முழுக்க சார்ஜ் பண்ணி எடுத்து வாருங்கள், நடந்த தடம் அதில் பதிவாகும். வரைவதைப் பிறகு என் மடிக்கணினியில் செய்வோம். வீட்டுக்காரர் பேரையோ போன் நம்பரையோ யாரும் வரைபடத்தில் போட வேண்டாம். குடையும், அட்டைக்கு உப்பும் மறக்காதீர்கள்.