செத்த பேய்க்கு இரண்டாம் பாகம்!

"பேய் இல்லை, அது நோய்" என்று 2005-இல் வெள்ளித்திரை சொல்லிற்று. நாடே கைகொட்டி மகிழ்ந்தது. "நோய் அன்று, அது பேயேதான்" என்று 2023-இல் அதே வெள்ளித்திரை சொல்லிற்று. சொன்னவர் வேறு எவரோ அல்லர், அதே இயக்குநர்! அரண்மனை அதே அரண்மனை. ஆடற்பெண் அதே ஆடற்பெண். 18 ஆண்டுகளில் வளர்ந்தது எது? அறிவா? ஆராய்ச்சியா? இல்லை, தோழர்களே! படத்தின் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்ட எண் ஒன்றுதான் வளர்ந்தது!

'சந்திரமுகி'யைத்தான் குறிப்பிடுகிறோம். அதன் வேர் மலையாள மண்ணில் இருக்கிறது. மது முட்டம் எழுதி, ஃபாசில் இயக்கி, 1993-இல் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' அது. 2004-இல் கன்னடம் அதனை ஏற்றது. 2005-இல் தமிழ் ஏற்றது. 2007-இல் இந்தி ஏற்றது. மொழிதோறும் ஆடை மாறிற்று, ஆட்டம் மாறிற்று, கரு மாறவில்லை. ஒரு பெண்ணின் உள்ளத்தைப் பழங்கதை ஒன்று பற்றிக்கொள்கிறது, உள்ளம் பிளவுபடுகிறது, ஊரார் பேய் என்கின்றனர், மனநல மருத்துவர் வந்து நோய் என்கிறார். குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. நோயைத் தீர்க்க மருத்துவர் மந்திரவாதியின் மேடையைக் கடன் வாங்கினார். என்றாலும் நோய்க்கு நோய் என்றே பெயரிட்டார்! அதுவரை பேயாட்டத்தையே கண்டு பழகிய கண்களுக்கு அது புதுவெளிச்சமன்றோ?

அந்த வெளிச்சத்தை ஊதி அணைத்தது யார்? இரண்டாம் பாகம்! 2022-இல் வந்த இந்திப் படத்தின் இரண்டாம் பாகத்தில், நோயாக இருந்தது ஆவியாகி வந்தது. 2023-இல் தமிழின் இரண்டாம் பாகத்திலும் அதே கதை. குடும்பத்துக்குத் துன்பமாம், குலதெய்வத்தை வழிபட்டால் தீருமாம், சந்திரமுகியின் ஆவி மெய்யாகவே வருமாம், வேட்டையனின் ஆவியும் உடன் வருமாம், வாளெடுத்து மோதுமாம்! மருத்துவர் எங்கே? முதற் பாகத்தோடு அவர் வேலை முடிந்துவிட்டது போலும்!

மறுபடி எடுப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அண்ணாவின் 'வேலைக்காரி' நாடகமாக நடந்து, பின்னர் 1949-இல் படமாயிற்று. 'இரத்தக்கண்ணீர்' நாடகம் 1954-இல் படமாயிற்று, நடிகவேள் எம்.ஆர். இராதா, மேடையிலே அன்றன்றைய செய்திக்கேற்ப உரையாடலை மாற்றி, பழைய நாடகத்தைப் புதிய சாட்டையாக்கினார். ஆம்பூர்த் தோழர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒருமுறை பதனிட்ட தோலை மீண்டும் பதனிடுவது நமது தொழிலிலே உண்டு. எதற்காக? மென்மை கூட, நிறம் ஏற, தரம் உயர! பதனிட்ட தோலைப் பாழாக்கி, மீண்டும் நாறும் பச்சைத்தோலாக்கித் தருபவனை எந்த முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்வான்? படத்துறையிலோ அவனுக்கு மாலை, மரியாதை, மூன்றாம் பாகத்துக்கு முன்பணம்!

இது ஒரு படத்தோடு நிற்கவில்லை. 2007-இல் 'முனி', அதன் வழியே 2011, 2015, 2019 என மூன்று 'காஞ்சனா'. 2014-இல் 'அரண்மனை', பின்னர் 2016, 2021, 2024 என மேலும் மூன்று. விற்ற சரக்கையே மீண்டும் விற்பது வாணிபத்துக்கு எளிது. புதுக்கருத்துக்குத்தான் துணிவு வேண்டும்.

"பொழுதுபோக்குத்தானே? படம் பார்த்தா பேயை நம்புகிறார்கள்?" என்று கேட்கும் நண்பர்கள் உளர். அவர்களை எங்கள் ஊருக்கு அழைக்கிறோம். பொழுது புலருமுன் பேருந்தேறி, காலணித் தொழிற்சாலைத் தையற்பொறியின் முன் நாளெல்லாம் குனிந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். அவர்களுள் ஒருத்தி மயங்கி விழுகிறாள். இரத்தச்சோகையா, உறக்கமின்மையா, உள்ளத்தில் புழுங்கும் துயரா என்று ஆராய வேண்டாமா? "காற்று பட்டிருக்கிறது" என்கிறது அண்டைவீடு. மந்திரித்த கயிறு வருகிறது, தாயத்து வருகிறது, வேப்பிலை அடி வருகிறது. வேலூர்ப் பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு. ஆனால் மந்திரவாதியின் வாசல் அடுத்த தெருவிலன்றோ இருக்கிறது! அந்த வாசலுக்கு வழிகாட்டும் பலகையைத் திரை நட்டுவைக்கலாமா?

2001 ஆகஸ்டு 6-ஆம் நாளை மறக்கலாமா? இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கொட்டகையில் தீப்பற்றியது. ஓட முடியாமல் 28 உயிர்கள் கருகின! அவர்களைக் கொன்றது தீ மட்டுமா? நோயைப் பேயென்ற நம்பிக்கையுமன்றோ அச்சங்கிலியை மாட்டிற்று! 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், நோயாளரைச் சங்கிலியிடலாகாது என்று தடுத்திருக்கிறது. சட்டம் கழற்றிய சங்கிலியைப் படம் மீண்டும் பூட்டுவதா? கோயிலில் பூட்டினாலும், தர்காவில் பூட்டினாலும், தேவாலயத்தில் பூட்டினாலும் சங்கிலி சங்கிலிதான்!

இன்னொரு நஞ்சும் இப்படங்களில் உண்டு. 'காஞ்சனா'வில் மருத்துவமனைக்கென வாங்கிய நிலத்தைப் பறிக்கிறார்கள், திருநங்கையைக் கொல்கிறார்கள். அவள் துயரைப் பரிவோடு காட்டியதைப் பாராட்டுகிறோம். ஆனால் நீதி எப்போது கிடைக்கிறது? செத்த பிறகு! யார் வாங்கித் தருகிறார்? பேய்! உயிரோடிருக்கையில் வழக்கு மன்றம் இல்லையா, சங்கம் இல்லையா, ஊர் திரண்டு கேட்கும் உரிமை இல்லையா? கூலி குறைந்தால் செத்துப் பேயாகி வந்தா கேட்பாள் எங்கள் தங்கை? மேலுலகத்தில் இன்பம் என்று புரோகிதன் சொன்னான்; மறுபிறப்பில் பழி என்று படம் சொல்கிறது. இரண்டும் ஒரே தாலாட்டு!

என்ன செய்வது? கொட்டகையைக் கொளுத்தச் சொல்லவில்லை. தணிக்கைக் கத்தரிக்கோலையும் கேட்கவில்லை. இளைஞர்களே! படம் பாருங்கள்; பார்த்தபின் படிப்பகத்தில் கூடி அதனைப் பிரித்துப் பேசுங்கள். இவ்விரு 'சந்திரமுகி'யையும் அடுத்தடுத்துத் திரையிட்டு, மருத்துவர் எங்கே போனார் என்று மக்களைக் கேட்கச் செய்யுங்கள். 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும் என்பதை ஆலை வாயிலில் எழுதிவையுங்கள். பேயோட்டுவதாகக் கூறி அடிப்பதையும் கட்டிப்போடுவதையும் மராட்டியம் 2013-இல் சட்டமியற்றிக் குற்றமாக்கிற்று. பெரியார் நடந்த மண்ணுக்கும் அத்தகைய சட்டம் வேண்டும் என்று முழங்குங்கள்.

பேயை ஒருமுறை கொன்றோம். காசுக்காக அதனைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மீண்டும் புதைப்போம், வாருங்கள்! இம்முறை ஆழமாக!