பந்து கடல் தாண்டுகிறது, பலன் யாருக்கு?

கூடைப்பந்து ஆட்டம் கண்டம் விட்டுக் கண்டம் பாய்கிறது என்று பெரிய பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. அமெரிக்காவில் கோடி கோடியாகப் பணம் புரளும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் ஒன்று இருக்கிறது. என்.பி.ஏ. என்பது அதன் பெயர். 30 அணிகள், அத்தனைக்கும் முதலாளிகள். அந்த லீக், சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, 2021-இல் ஆப்பிரிக்காவில் ஒரு லீக்கைத் தொடங்கியது. 2025 மார்ச் மாதத்தில் ஐரோப்பாவிலும் புது லீக் அமைக்க ஆராய்வதாக அறிவித்தது. 2027-இல் தொடங்குவது நோக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. பம்பாயில் 2011-லேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள்.

“அமெரிக்காக்காரன் பந்து எறிந்தால் நமக்கென்ன? பருத்தி விலையைப் பற்றிப் பேசுங்கள், பஞ்சாலைக் கூலியைப் பற்றிப் பேசுங்கள்” என்று சங்கரன்கோவில் பக்கத்துக் குருவிகுளத்துத் தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் இது பந்தைப் பற்றிய சேதி மட்டுமல்ல. உழைப்பவன் ஒருவன், உடைமைக்காரன் வேறொருவன் என்ற பழைய கதையின் புதிய அத்தியாயம் இது. நம் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டும் வேலையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

ஆட்டம் பரவிய வழி

கூடைப்பந்து பிறந்தது 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்தில். பனிக்காலத்தில் வெளியே ஓட முடியாத மாணவர்களுக்கு உள்ளேயே ஆட ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் அறைந்தார். 13 விதிகளை எழுதினார். ஒரு கால்பந்தை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் முதலீடு! அவர்கூடப் பிறப்பால் அமெரிக்கர் அல்லர், கனடா நாட்டுக்காரர்.

அந்த ஆட்டம் ஆசிரியர்களின் கையோடு உலகம் சுற்றியது. ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வந்த டிரில் மாஸ்டர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஆட்டத்தைக் கொண்டு போனார்கள். 1934-இல் டில்லியில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய அணி ஆடியது. 2014-இல் சீனாவின் வூஹான் நகரத்தில், ஆசியக் கோப்பைப் போட்டியில், சீன அணியையே 65-க்கு 58 என்ற கணக்கில் இந்தியா வென்றது.

இந்தப் பயணத்துக்கு டெலிவிஷன் ஒப்பந்தம் தேவைப்படவில்லை. பங்கு மூலதனம் தேவைப்படவில்லை. ஆகவே கண்டம் தாண்டிப் பரவுவது கூடைப்பந்து அல்ல. அது தாண்டி நூறாண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது தாண்டுவது கூடைப்பந்தின் உடைமைக்காரர்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் விளம்பரக்காரனின் வித்தை இருக்கிறது.

லீக் பரவும் வழி

லீக் ஏன் வெளியே வருகிறது? 2024-இல் அது மூன்று பகாசுரக் கம்பெனிகளோடு 11 ஆண்டுக்கான ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. தொகை எவ்வளவு தெரியுமா? சுமார் 7,600 கோடி டாலர்! இத்தனை பணத்தைக் கொட்டியவன் சும்மா இருப்பானா? பார்க்கும் கண்களின் எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போக வேண்டும். சட்டையும் பூட்ஸும் விற்றுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளூர்ச் சந்தை நிறைந்தால் மூலதனம் கப்பலேறும். இது லங்காஷயர் துணி வியாபாரி அந்நாளில் கடைப்பிடித்த அதே விதி.

1990-இல் டோக்கியோவில் பருவ ஆட்டங்களை நடத்திப் பார்த்தார்கள். 2002-இல் சீனாவின் யாவ் மிங்கை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2004-இல் சீனாவில் போய் ஆடினார்கள். 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் பம்பாயில் சாக்ரமெண்டோ அணியும் இந்தியானா அணியும் மோதின. லீக்கின் அணிகள் இந்திய மண்ணில் ஆடியது அதுவே முதல் தடவை. அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஹூஸ்டன் அணியின் நிர்வாகி ஒருவர் ஹாங்காங் கிளர்ச்சியை ஆதரித்து ஒரு வரி எழுதினார். சீனாவின் அரசு டெலிவிஷன் ஆட்டங்களைக் காட்டாமல் நிறுத்தியது. லீக் தலைவர்கள் பட்ட பாட்டை உலகம் பார்த்தது. சந்தை எங்கே இருக்கிறதோ அங்கே வாய் அடங்குகிறது. இதுதான் லாபத்தின் இலக்கணம்!

சந்தைக்காக வந்தவன் சந்தை சுருங்கினால் நிற்பானா? 1995-இல் கனடாவின் வான்கூவர் நகரத்துக்கு ஓர் அணியைக் கொண்டு வந்தார்கள். ஆறே ஆண்டு; 2001-இல் அணியை மூட்டை கட்டி அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சியாட்டில் நகரத்து மக்கள் 41 ஆண்டுகள் ஓர் அணியைத் தம் பிள்ளையாய்ப் போற்றினார்கள். மக்கள் வரிப்பணத்தில் புது அரங்கம் கட்டித் தரும் பேச்சு முறிந்தது. 2008-இல் அணி ஓக்லஹோமாவுக்குப் போயிற்று. ஆலையைப் பூட்டிவிட்டு இயந்திரத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோகும் முதலாளியைப் பார்த்த தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆப்பிரிக்காவில் நன்மையே விளையவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2021-இல் ருவாண்டாவின் கிகாலியில் 12 கிளப்புகள் ஆடின; எகிப்தின் சமாலெக் கிளப் வென்றது. தம் மண்ணிலேயே ஆட ஒரு மேடை ஆப்பிரிக்க இளைஞனுக்குக் கிடைத்தது உண்மை. ஆனால் அதே ஆண்டில் லீக் தன் ஆப்பிரிக்க வியாபாரத்தைத் தனிக் கம்பெனியாக்கிப் பங்குதாரர்களைச் சேர்த்தது. அதன் மதிப்பு சுமார் 100 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். ஐரோப்பாவிலோ, 16 இடங்களில் 12 இடங்கள் நிரந்தர இடங்களாக இருக்கும் என்கிறது திட்டம். ஆடி ஜெயித்து மேலே ஏறுவதும், தோற்றால் கீழே இறங்குவதும் அந்நாட்டுக் கிளப்புகளின் பழைய வழக்கம். இனி நிரந்தர இடம் பெற்றவன் தோற்றாலும் இறங்க மாட்டான்!

பருத்தி போன கதை

2019 முதல் 2025 வரை அந்த லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர்கள் எல்லோரும் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். கிரீஸ், செர்பியா, காமரூன், கனடா! அவர்களை ஆளாக்கியது அந்தந்த நாட்டுத் தெருவும் பள்ளியும் கிளப்பும். விலை வைப்பது அமெரிக்கச் சந்தை. கரிசல் காட்டிலிருந்து பருத்தி கப்பலேறிப் போய்த் துணியாகத் திரும்பி வந்து, விதைத்தவனுக்கே விற்கப்பட்ட கதை நமக்குப் புதிதல்ல. இப்போது ஆட்டக்காரன் போகிறான். ஆட்டம் டெலிவிஷனில் திரும்பி வருகிறது. அதற்கு நாமே சந்தா கட்டுகிறோம்.

நம் நாட்டு அனுபவம் என்ன? 2015-இல் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங்கை டல்லாஸ் அணி 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பத்திரிகைகள் கொட்டு முழக்கின. ஆனால் லீக்கின் பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. பின்னர் காட்சி மல்யுத்த மேடைக்குப் போனார். அந்த இளைஞர்மேல் நமக்கு வருத்தமில்லை. கோடிக்கணக்கான பார்வையாளர்களை இழுக்க ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த முகத்துக்குப் பின்னால் ஆயிரம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் ஏற்பாடு இருந்ததா என்பதே நம் கேள்வி.

அவர்களிடம் கற்க வேண்டியது

அமெரிக்க லீக்கிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதை விளம்பரக்காரன் சொல்ல மாட்டான், நாம் சொல்கிறோம்.

1954-இல் அந்த ஆட்டக்காரர்கள் பாப் கூசி தலைமையில் சங்கம் அமைத்தார்கள். பத்தாண்டுகள் முதலாளிகள் அவர்களை மதிக்கவில்லை. 1964 ஜனவரியில் பாஸ்டன் நகரத்தில் நட்சத்திர ஆட்டம். டெலிவிஷன் காமிராக்கள் தயார். அரங்கம் நிறைந்த கூட்டம். “ஓய்வூதியத்துக்கு உறுதி தராவிட்டால் வெளியே வர மாட்டோம்” என்று ஆட்டக்காரர்கள் அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். பில் ரஸ்ஸல், ஆஸ்கார் ராபர்ட்சன், எல்ஜின் பேய்லர் போன்ற கறுப்பு வீரர்களும், ஜெர்ரி வெஸ்ட், டாம் ஹெய்ன்சன் போன்ற வெள்ளை வீரர்களும் ஒரே அறையில், ஒரே குரலில் நின்றார்கள். மிரட்டல் வந்தது; அசையவில்லை. லீக் தலைவர் இறங்கி வந்து வாக்களித்த பிறகே பந்து துள்ளியது. இன்று லீக்கின் ஆட்ட வருமானத்தில் ஏறத்தாழ சரிபாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. அது முதலாளியின் தர்மம் அல்ல, சங்கத்தின் சாதனை!

இந்தப் பாடத்தை நம் நாட்டுக் கிரிக்கெட் லீக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 2022-இல் ரூ.48,390 கோடிக்குப் போயிற்று. ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் இந்தியக் கிரிக்கெட் வீரர்களுக்கு ஒரு சங்கம் கிடையாது. 2019-இல் அமைந்த சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே. இந்த லீக்கின் முதலாளிகளும் கண்டம் தாண்டிவிட்டார்கள். தென்னாப்பிரிக்க லீக்கின் ஆறு அணிகளையும் 2022-இல் வாங்கியவர்கள் இவர்களே. சென்னை சூப்பர் கிங்ஸின் பெயர் ஜோகன்னஸ்பர்க்கிலும் டெக்ஸாசிலும் கொடியேறியது. சன் குழுமம் 2025-இல் இங்கிலாந்தில் ஓர் அணியை முழுதாக வாங்கியது. ஆகவே அமெரிக்கனைப் பார்த்து மட்டும் விரல் நீட்டுவது போதாது. மூலதனத்துக்கு மொழியும் இல்லை, தேசமும் இல்லை.

நம் பிள்ளைகளை வளர்த்தது யார்?

தமிழ்நாட்டுக் கூடைப்பந்தை லீக் வளர்க்கவில்லை. ஐ.சி.எப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற பொதுத்துறை அணிகள் வளர்த்தன. உயரமும் திறமையும் உள்ள ஏழை வீட்டுப் பையன் “ஆட்டம் சோறு போடுமா?” என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் கண்டான். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், மாலையில் பயிற்சி, முழங்கால் தேய்ந்த பிறகும் உத்தியோகம்! லீக் தருவது ஒரு பருவத்து ஒப்பந்தம். ரயில்வே தந்தது ஒரு வாழ்நாள்.

அந்த வேலைகள் என்னவாகின்றன? ரயில்வேயில் சுமார் 2.5 லட்சம் இடங்கள் காலி என்று 2023-இல் நாடாளுமன்றத்தில் சர்க்காரே ஒப்புக்கொண்டது. வேலையே ஒப்பந்தக்காரன் கைக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீடு எங்கே நிற்கும்? பொதுத்துறையை வெட்டுகிறவர்களே மறுபக்கம் அந்நிய லீக்குக்கு ஆரத்தி எடுக்கிறார்கள். இதில் உள்ள முரண்பாட்டை மக்களிடம் எடுத்துச் சொல்வது நம் கடமை.

அரசு மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குருவிகுளத்துக்காரர்கள் தூரம் போய்ப் பார்க்க வேண்டாம். பக்கத்துக் கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி மையம் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். எந்த வெளிநாட்டு லீக்கும் அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை. தங்க இடமும், தின்னச் சோறும், ஆடத் தரையும் பொதுப் பணத்தில் கிடைத்தன. ஆட்டம் தானே வந்தது.

கூடைப்பந்துக்குத் தரைதான் முதல் தேவை. கபடி மண்ணிலே ஆடலாம். வாலிபாலும் மண்ணிலே ஆடலாம். கூடைப்பந்து தரையில் துள்ள வேண்டும். கரிசல் மண் மழையில் காலைப் பிடிக்கும். கோடையில் வெடிப்பு விடும். அதிலே பந்து துள்ளாது. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், ஒரு சிமெண்டுத் தளம். பத்தடி உயரத்தில் இரண்டு வளையம். மாலையில் ஒரு விளக்கு. அதிகம் கேட்கவில்லை. 2024-இல் தமிழக அரசு கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டுக் கருவிகள் வழங்கியது. வரவேற்கிறோம். பந்து வந்தது, அது துள்ளுவதற்குத் தளமும், கற்றுக் கொடுக்க ஆசிரியரும் வேண்டாமா?

ஆகவே தோழர்களே, அமெரிக்க ஆட்டம் என்று நாம் வெறுக்க வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு நிறமில்லை, எல்லையும் இல்லை. லீக் வரட்டும், ஆடட்டும். நல்ல ஆட்டமென்றால் நாமும் பார்த்துக் கைதட்டுவோம். ஆனால் நம் கோரிக்கைகளைக் கைதட்டலில் அமுக்க விட மாட்டோம். ரயில்வேயிலும் வங்கியிலும் காலியிடங்களை நிரப்பு. விளையாட்டு ஒதுக்கீட்டைக் காப்பாற்று. பள்ளிதோறும் உடற்பயிற்சி ஆசிரியரை நியமி. ஒன்றியந்தோறும் தளம் போடு. ஆடுகிறவனுக்குச் சங்கம் வைக்கும் உரிமையை ஒப்புக்கொள்!

குருவிகுளம் ஒன்றியத்தில் எத்தனை பள்ளிகளில் கூடைப்பந்துத் தளம் இருக்கிறது, எத்தனை பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர் இருக்கிறார் என்று கிளைத் தோழர்கள் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கிராம சபையில் எழுந்து பேசட்டும். பந்து கடல் தாண்டி வந்துவிட்டது. பள்ளிக்கூட மதில் தாண்டி நம் பிள்ளை கையில் அது சேர வேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது!