ரோடியத்துக்கு ஒரு நியாயம், குரோமியத்துக்கு ஒரு நியாயமா?

கரைந்துபோன உலோகத்தைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு, ஒருபடித்தான வினையூக்கிகளின் பெரிய குறையே அதுதான் என்று வகுப்பில் படிக்கிறோம். சரி, ரோடியத்தை என்ன செய்தார்கள்? 1984-ல் ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் ரூர்கெமி ஆலையில் அதைத் தண்ணீரில் மட்டும் கரைகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். விளைபொருளான பியூட்டிரால்டிஹைடு எண்ணெய் போல மேலே பிரிந்து நிற்கும். ரோடியம் தண்ணீரிலேயே தங்கி அடுத்த சுற்றுக்குத் தயார். பெரும்பாலும் தங்கத்தையே மிஞ்சும் விலை, அதனால் மூளை வேலை செய்தது!

இப்போது நம்ம திண்டுக்கல்லுக்கு வருவோம். தோல் ஷாப்புகளில் போடும் குரோமியம் வினையூக்கி இல்லை, தோலோடு பிணைந்துகொள்ளும் சரக்கு. (யாராவது திருத்த வருவதற்குள் நானே சொல்லிவிட்டேன்.) ஆனால் வழக்கமான முறையில் குரோம் சல்பேட்டில் 60-70 சதவீதம்தான் தோலுக்குள் போகும். மிச்சம் பச்சைத் தண்ணீராக வெளியே. அதை மீட்பது பிளஸ் டூ லேப் சமாச்சாரம். அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டு பி.எச். 8-க்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாக அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி குரோம் சல்பேட். புதுசோடு கலந்து அடுத்த டிரம்மில் ஊற்றலாம். அடையாறு சி.எல்.ஆர்.ஐ. பல வருஷமாகச் சொல்லித்தருவதுதான் இது.

சூட்சுமம் "தனியாக" என்பதில் இருக்கிறது. சுண்ணாம்புத் தண்ணி, உப்புத் தண்ணி, குரோம் தண்ணி மூன்றையும் ஒரே வாய்க்காலில் விட்டால் முடிந்தது கதை. பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது அது சரக்கு இல்லை, கொட்ட இடமில்லாத சகதி. "எங்களது மூணு இணைதிற குரோமியம், விஷம் ஆறுதானே" என்று ஒரு சமாதானம் வேறு. அந்தச் சகதியைக் காற்றுபடக் கொளுத்தினால் மூணு ஆறாக மாறும் சாமி!

"சின்ன ஷாப்பு, கட்டுப்படியாகாது" என்பது அடுத்த பல்லவி. தனியாகச் செய்தால் கட்டுப்படியாகாதுதான், ஒத்துக்கொள்கிறேன். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒன்றுசேர முடிந்தவர்களால் ஒரு பொது குரோம் தொட்டிக்குச் சேர முடியாதா? வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டதே, அதில் திண்டுக்கல்லும் உண்டு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

குரோமை மீட்டால் கிணற்றில் ஏறிய உப்பு இறங்கிவிடாது, அது தனிக்கதை. ஆனால் குரோம் மலிவு, மீட்டு என்ன லாபம் என்று கேட்பவர்கள் மூட்டை விலையை மட்டும் பார்க்கிறார்கள். சகதியை அப்புறப்படுத்தும் செலவும், கிணறு கெட்ட சம்சாரியின் நஷ்டமும் அந்தக் கணக்கில் எந்த வரியில் வருகிறது?

ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் கடைசிக் குழாயில் சாம்பிள் பிடிப்பதோடு திரும்பிவிடாமல், டிரம்முக்குக் கீழே எத்தனை வாய்க்கால் ஓடுகிறது என்று முதலில் எண்ணட்டும். ஒன்றே ஒன்றுதான் என்றால், ரிஜிஸ்தரில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே குரோம் மீட்பு நடக்கவில்லை.