நமுக்காத முறுக்குக்கு எந்தக் கவர்?



தீபாவளி நெருங்குகிறது. வீட்டிலேயே முறுக்கு, தட்டை, அச்சு முறுக்கு சுட்டு விற்கும் சகோதரிகள் பலர் நம் வாசகர்கள். குறைந்த செலவில் எந்தக் கவர் வாங்கலாம் என்பது அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் முறுக்கு எங்கே போகிறது, அங்கே எத்தனை நாள் மொறுமொறுவென்று இருக்க வேண்டும்?

நம் புதுச்சேரி கடலோர ஊர். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். பலகாரம் அதிகம் விற்பதும் அப்போதுதான். ஈரம் புகுந்தால் முறுக்கு நமுத்துப்போகும். ஆக்சிஜனும் வெளிச்சமும் பட்டால் அதிலுள்ள எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வரும். கடையில் பிபி என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பாலிப்ரொப்பிலீன் கவர் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுக்காது. உள்பக்கம் பளபளக்கும் மெட்டலைஸ்டு கவர் ஈரம், ஆக்சிஜன், வெளிச்சம் மூன்றையுமே நன்றாகத் தடுக்கும்; விலையும் அதற்கேற்ப ஏறும்.

நேரு வீதிப் பக்கமோ குபேர் அங்காடியிலோ ஓரிரு வாரத்தில் விற்றுத் தீரும் சரக்குக்குக் கனமான பிபி கவரே போதும் என்பது என் கருத்து. வெயில் படும் இடத்தில் தொங்கவிட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள். பாரிசில் இருக்கும் உறவினருக்கு மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட அனுப்புகிறீர்களா? அதற்கு மெட்டலைஸ்டு கவர்தான். சிலர் பிபி கவருக்குள் நைட்ரஜன் அடைக்கச் செலவழிக்கிறார்கள். வெளியிலிருக்கும் ஆக்சிஜன் அந்தக் கவர் வழியே மெல்ல மெல்ல உள்ளே வந்துவிடும், பலன் நீடிக்காது. அக்கம்பக்கத்தில் மூன்று நாளில் தின்று தீர்ப்பவர்களிடம் டப்பா கொண்டுவரச் சொல்லுங்கள். அதைவிட மலிவான பேக்கிங் இல்லை, குப்பையும் சேராது. செய்தித்தாளில் மட்டும் மடித்துத் தராதீர்கள். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் அதைத் தடைசெய்துள்ளன.

இனி காசுக் கணக்கு. 200 கிராம் பாக்கெட் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு பாக்கெட்டில் ஐந்து நமுத்துத் திரும்பினால் 300 ரூபாய் போயிற்று. அதை நூறு பாக்கெட்டுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 3 ரூபாய். கவருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அந்த ஐந்தும் திரும்பாமல் பார்த்துக்கொண்டால் உங்களுக்கு லாபம்தான்.

பாக்கெட்டின் அளவையும் யோசிக்க வேண்டும். பக்கத்துக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், வசதியுள்ளவர்கள் வாங்கும் பொருள் ஏழைக்கும் எட்ட வேண்டும் என்று சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு அதே வழியில் வளர்ந்தது. பத்து ரூபாய் முறுக்குப் பாக்கெட்டும் நன்றாக விற்கும். ஆனால் பாக்கெட் சிறுக்கச் சிறுக்க, ஒவ்வொரு கிராம் முறுக்குக்கும் ஆகும் கவர் கூடுகிறது. ஈரம் நுழையும் பரப்பும் கூடுகிறது. ஆகவே சின்னப் பாக்கெட்டுக்குத்தான் நல்ல கவர் தேவை. மெட்டலைஸ்டு போன்ற பல அடுக்குக் கவரை மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால், அவசியமில்லாத இடத்தில் அதை வாங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

சூடு முழுக்க ஆறிய பிறகே அடையுங்கள். இல்லாவிட்டால் ஆவி உள்ளேயே நீராகத் தங்கிவிடும். சீல் போடும் இடத்தில் எண்ணெயோ பொடியோ ஒட்டினால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய கவரும் காப்பாற்றாது. ஒரு பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் சீல் சரியில்லை. கவர் வாங்கும்போது கனத்தையும் கேளுங்கள். கடைக்காரர் கேஜ் என்பார், அரசு விதிகளில் மைக்ரான் என்றிருக்கும். 100 கேஜ் ஏறத்தாழ 25 மைக்ரான்.

1926-இல் கலிஃபோர்னியாவில் உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்ற லாரா ஸ்கட்டர், தம்மிடம் வேலைபார்த்த பெண்களிடம் மெழுகுத்தாளைக் கொடுத்து அனுப்பினார். அவர்கள் அதை வீட்டில் இஸ்திரிப்பெட்டியால் ஒட்டிப் பைகளாக்கினார்கள். பீப்பாயிலிருந்து அள்ளி விற்ற சிப்ஸ் அப்படித்தான் பாக்கெட்டுக்கு வந்தது. வீட்டுப் பெண்களின் கைவேலையில் பிறந்த தொழில் இது, அதனால் எந்தக் கவர் சரி என்று உங்களாலும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியும். ஒரே ஈட்டு முறுக்கை இரண்டு மூன்று வகைக் கவரில் அடைத்து, துல்லியமான தராசில் எடைபோட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில நாளுக்கொருமுறை மறுபடி எடைபோடுங்கள். எடை கூடினால் ஈரம் புகுந்திருக்கிறது. ஒன்றைப் பிரித்துக் கடித்தும் பாருங்கள்.

எந்தக் கவரில், எத்தனை நாள், என்ன ஆயிற்று என்று எங்களுக்கு எழுதுங்கள். பாக்கெட் விலையையும் கவர் விலையையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வரும் கடிதங்களைத் தீபாவளி இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்