குணசேகரன் மாறினார்... ஓரகத்திகள் மாறவில்லை!

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடங்களில் கை ஒரு பக்கம் வேலை பார்க்கும். வாய் ஒரு பக்கம் நேற்று ராத்திரி சீரியலை அலசும். ‘எதிர்நீச்சல்’ ஆதி குணசேகரன் பேச்சு வந்தால் மட்டும் குரலில் ஓர் உரிமை ஏறிவிடும். அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். வருசநாடு பக்கம் பசுமலைத்தேரிதான் அவருக்குச் சொந்த ஊர்.

2022 பிப்ரவரியில் சன் டி.வி.யில் திருச்செல்வம் இயக்கத்தில் தொடங்கிய சீரியல் இது. குணசேகரன் வீட்டுப் பெண்களை ஆட்டிப்படைக்கும் அண்ணன். நியாயமாகப் பார்த்தால் நமக்கு எரிச்சல்தான் வரவேண்டும். ஆனால், அவர் “இந்தாம்மா ஏய்” என்றதும் சிரிப்பல்லவா வந்தது! நம்ம ஊர்ப் பெரிய மாமாவோ, பெரியப்பாவோ பேசுகிற மாதிரியே இருந்ததுதான் காரணம். வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத ஆளை டி.வி.யில் பார்த்துச் சிரித்துக்கொள்வதில் ஒரு நிம்மதி இருக்கத்தானே செய்கிறது?

‘ஜெயிலர்’ வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2023 செப்டம்பர் 8-ம் தேதி டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து மாரிமுத்து இறந்துபோனார். அடுத்த கேள்வி, இனி யார் குணசேகரன்? ‘அந்த கேரக்டரையே முடித்துவிடுங்கள்’ என்றது ஒரு கூட்டம். ‘அண்ணன் இல்லாவிட்டால் அந்த வீட்டில் கதை ஏது?’ என்றது இன்னொரு கூட்டம்.

‘மதயானைக் கூட்டம்’, ‘கிடாரி’ படங்களில் மிரட்டிய எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். ராமநாதபுரம் மாவட்டம் பெருநாழிக்காரர். ‘முறைப்பு இருக்கு, நக்கல் இல்லையே’ என்று குறை சொன்னவர்கள் அநேகம். குறை உண்மைதான். ஆனால், அவர் மாரிமுத்துவைப் போல நடித்துக் காட்டியிருந்தால் ஒரு வாரத்தில் அலுத்திருக்கும். தன் பாணியில் நடித்ததுதான் சரி. சிரிப்பு போய் பயம் வந்ததும், இந்த ஆளோடு அந்த வீட்டுப் பெண்கள் எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறார்கள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

ஆள் மாறியும் சீரியல் நின்றதற்கு அந்த நான்கு ஓரகத்திகள்தான் காரணம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. பொதுவாக சீரியல்களில் ஓரகத்திகள் என்றால் ஒருத்திக்கு ஒருத்தி குழி பறிப்பார்கள். இங்கே அடுப்படியில் கூடி நின்று ஒருவரையொருவர் தாங்கினார்கள். பின்னால் அப்பத்தா வேறு, 40 சதவீதச் சொத்தோடு! அப்பத்தாவாக நடித்த பாம்பே ஞானம், ஆண் வேடத்தையும் பெண்களே போடுகிற நாடகக் குழுவை நடத்தியவர். ஆண்கள் அதட்டும் வீட்டுக்குப் பொருத்தமான அப்பத்தாதான்.

2024 டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ வந்தபோது ஜனனியே மாறிவிட்டார். மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. ‘மதுமிதாவோட துடுக்கு வராது’ என்பவர்களும் உண்டு. ‘கனிகா, ஹரிப்பிரியா, பிரியதர்ஷினி மூணு பேரும் இருக்காங்கள்ல, அது போதும்’ என்பவர்களும் உண்டு. மூத்தவர்கள் மூவரில் ஒருவர் மாறியிருந்தால்தான் வினை. ஈஸ்வரி அக்காவின் இடத்தில் வேறு முகத்தை வைத்துப் பாருங்கள், அந்த அடுப்படியே அந்நியமாகிவிடும்.