தகுதியும் வரிசையும்

அமெரிக்க நாட்டார் கால்பந்தாட்டம் என்று வழங்குவது நாம் ஆடும் கால்பந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லையைக் கடக்கும் ஆட்டம் அது. காலுக்கு அதில் வேலை சிறிதே; பெயரிட்டவர் கையை மறந்தார் போலும்! அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுள் நூற்று முப்பதுக்கு மேற்பட்டவை இவ்வாட்டத்தின் உயர்நிலைப் பிரிவில் உள்ளன. ஓர் அணி ஓராண்டில் ஆடும் முறையான ஆட்டங்களோ பன்னிரண்டே. ஆகவே, எல்லா அணிகளும் தம்முள் மோதிப் பார்த்தல் இயலாது. தேர்வுக் குழு ஒன்று கூடி, அணிகளைத் தரவரிசைப்படுத்தி, வாகைக்குரிய இறுதித் தொடருக்கு அனுப்புகின்றது. 2014 முதல் நான்கு அணிகளும், 2024-இல் பன்னிரண்டு அணிகளும் அவ்வாறு சென்றன.

குழுவின்முன் நிற்கும் வினாக்கள் இரண்டு. தொடரினுள் வரத்தக்கவர் யாவர்? வந்தவருள் முன்னிற்பவர் யாவர்? முன்னதற்கு விடை, ஆடி முடித்த ஆட்டங்களில் உள்ளது. பின்னதற்கு விடை, ஆற்றலின் ஒப்பீட்டில் உள்ளது. இவ்விரண்டையும் மயக்கியதால் வந்தனவே குறைகள்.

2023-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை நோக்குக. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி, ஆடிய பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்று, தன் கூட்டமைப்பின் வாகையும் சூடியது. ஆயினும் நான்கனுள் ஒன்றாக அது ஏற்கப்படவில்லை. ஒருமுறை தோற்றிருந்த அலபாமா அணி அவ்விடத்தைப் பெற்றது. காரணம் யாது? ஆட்டத்தை நடத்தும் முதன்மை வீரர் நவம்பரில் காலில் கடுங்காயமுற்றார். அவரின்றி அவ்வணி முன்போல் வலிமையுடையதன்று எனக் குழு கருதியது. வீரர் இன்மையைக் கருதலாம் என விதியும் இடந்தந்தது. அவர் வீழ்ந்த பின்னரும் அவ்வணி இரண்டு ஆட்டங்களை வென்றதே!

பின்னர் ஜார்ஜியா அணியிடம் அது 63-3 எனத் தோற்றமையைக் காட்டிக் குழுவின் முடிவே சரி என்பாரும் உளர். அன்று அவ்வணியின் வீரர் பலர் ஆடவேயில்லை என்பதை அவர் கூறார். நாளை தோற்கக்கூடும் என்று நேற்றைய வெற்றியை மறுத்தல், தேர்வில் தேறிய மாணவனை, 'மேல்வகுப்பில் நீ தேறமாட்டாய்' என்று வாயிலிலேயே திருப்பியனுப்புவதை ஒக்கும்.

வரிசை வகுப்பதிலோ குறை வேறு வகையாக நேர்ந்தது. 2024-இல் கூட்டமைப்பு வாகையர் ஐவர்க்கு இடம் உறுதியாயிற்று. அது நன்று, சிறிய கூட்டமைப்பினர்க்கும் வழி பிறந்தது. ஆனால், முதல் நான்கு எண்களும் வாகையர்க்கே என்றும் வகுத்தனர். தரவரிசையில் ஒன்பதாவதான பாய்சி மாநில அணி மூன்றாம் எண்ணையும், பன்னிரண்டாவதான அரிசோனா மாநில அணி நான்காம் எண்ணையும் பெற்று, முதற்சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றை அடைந்தன. ஆறாவதான ஒகையோ மாநில அணி எட்டாம் எண்ணுக்குத் தள்ளப்பட்டது. இதனால் இடர்ப்பட்டது, தோல்வியறியாது முதலிடத்தில் நின்ற ஓரிகன் அணியே. முதல்வர்க்கு எளிய எதிரி வாய்ப்பது முறை. ஓரிகனுக்கோ தன் முதல் ஆட்டத்திலேயே ஒகையோ எதிர்ப்பட்டது. 41-21 எனத் தோற்றது. 2025 சனவரியில் வாகை சூடியதும் அவ்வொகையோவே.

2025-ஆம் ஆண்டுத் தொடரில் இம்முறையை மாற்றி, தரவரிசைப்படியே எண் வழங்கினர். வாகையர் ஐவர்க்குரிய இடத்தை மட்டும் காத்தனர். தக்க திருத்தம் இது. வீரர் இன்மை பற்றிய விதிக்கும் இத்தகைய திருத்தம் வேண்டும். ஒரு வீரர் இல்லாதபோது நேர்ந்த தோல்வியைப் பொறுத்தருளுதல் தகும். இனி நிகழவேண்டிய ஆட்டத்தைக் குழுவினர் அறைக்குள் அமர்ந்தே ஆடி முடித்தல் தகாது.